காட்டிக்கொடுக்காத கை

மணி பன்னிரண்டு. ராத்திரி இல்லை... உச்சிப் பகல். இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள். இதைச் சத்தமாகச் சொல்லக் கூடாது.

எழுபத்தொன்பதாம் வருஷம், சித்திரை. ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே கொள்ளிடக் கரைப் பாதை. ஒரு பக்கம் வாழைத்தோப்பு, ஒரு பக்கம் மணல். ஈ காக்கை இல்லை. அதில் ஒற்றை ஆளாக வந்துகொண்டிருந்தார் சின்னையன். தோப்பில் வாழைத்தார் சுமக்கிறவர்.

சர்க்கரை வியாதிக்குத் தினமும் காலையில் ஊசி போட்டுக்கொள்வார். ஊசிக்குப் பிறகு சோறு தள்ளிப்போனால் சர்க்கரை மளமளவென்று இறங்கிவிடும். உடனே கை வெடவெடவென்று நடுங்கும். பெண்டாட்டி வேலம்மாள் உயிரோடிருந்தவரை ஓடிவந்து மணிக்கட்டைப் பிடிப்பாள். தோப்பு அரிவாளில் பாதிச் சுண்டுவிரல் போன கை அவளுக்கு. "கை காட்டிக்கொடுத்துருச்சு பாத்தீங்களா? வாயைத் தொறங்க" என்று வெல்லத்தைத் திணிப்பாள். அவள் போன பிறகும் கை நடுங்கினால், "வந்துட்டியா புள்ள" என்று வேட்டி மடியில் முடிந்த வெல்லத்தை எடுத்து வாயில் போட்டுக்கொள்வார்.

கூட வேலை செய்தவர்கள் விட்டார்களா? "காலையிலயே ஊத்திட்டீங்களாண்ணே?" என்று கேலி. வெட்கப்பட்டு வேறொரு டாக்டரிடம் போய், நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது என்றார். ஊசி போடுவதை இவர் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. மாத்திரை கொடுத்தார். நடுக்கம் நின்றது. குணமாகிவிட்டது என்று மடியில் வெல்லம் முடிவதையும் விட்டார்.

அன்றைக்கு லோடு ஏற நேரமாகிவிட்டது. சாப்பிடவில்லை. கையைப் பார்த்தார்... கல்லு மாதிரி இருந்தது. நெஞ்சும் சும்மா கிடந்தது. நாற்பது வருஷம் சோறு போட்ட கை, சாகப்போகிறாய் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சட்டை மட்டும் நனைந்தது. வெயில் வேர்வை இல்லை... பச்சைத்தண்ணீர் மாதிரி ஜில்லென்று. பாதை இரண்டாகத் தெரிந்தது. வெல்லப்பாகு வாசனை. பின்னால் மெட்டிச் சத்தம்... டிக்... டிக்... மணலில் மெட்டி கேட்குமா? கேட்டது.

"வேலம்மா... ஏன் புள்ள இன்னைக்குக் கையை ஆட்டல?"



கண் விழித்தபோது ஆஸ்பத்திரி. டாக்டர் திட்டினார். "அந்த மாத்திரை நடுக்கத்தையும் படபடப்பையும் அமுக்கிடும்யா. சர்க்கரை எறங்கினா வேர்வைதான் வெளிய தெரியும். ஊசி போடுறேன்னு அவர்கிட்ட சொல்லியிருக்க வேணாமா?"

தூக்கிவந்து சேர்த்தவர் மணல் லாரி ஓட்டுகிற தாஜுதீன். "உங்க கை ஆடிக்கிட்டிருந்துச்சுண்ணே. அதைப் பாத்துத்தான் வண்டியை நிறுத்தினேன்."

சின்னையனுக்குக் கண் கலங்கிவிட்டது. "வேலம்மா வந்துட்டா... விட்டுட்டுப் போயிட்டாளோன்னுல்ல நெனச்சேன்."

தாஜுதீன் கட்டிலுக்குக் கிட்டே வந்து குனிந்தார்.

"அண்ணே... நீங்க பாதையில கெடக்கல. பாதையிலேருந்து ஆத்து மடு வரைக்கும் உங்க குதிகால் இழுபட்ட தடம் இருக்கு. மாரு வரைக்கும் தண்ணிக்குள்ள கெடந்தீங்க. ஒத்தக் கை மட்டும் ஆழத்துப் பக்கமா நீட்டி, வெடுக்கு வெடுக்குன்னு... யாரோ புடிச்சு இழுக்குற மாதிரி..."

சின்னையன் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார்.

நாலு விரல் தடம் கன்றிப்போயிருந்தது. கடைசித் தடம்... பாதிதான்.