டவுன் பஸ்ஸில் ஒரு பாஷா

— டிவியை நிறுத்தாதே ரெத்தினம், அந்த அரபிப் படம் ஓடட்டும். கண்டக்டர் பையை மாட்டிண்டு, பஸ்ல இருக்கறவா எல்லாம் தன்னைப் பாத்து எழுந்து நிக்கணும்ங்கறானே, யார் இவன்?

— பெரிய பண்ணையாரு சார். பாஷான்னு பட்டம். சர்க்காரு இவரு நெலத்தை எடுத்து உழுதவங்களுக்குக் குடுத்துடுச்சு. வயித்துப்பாட்டுக்கு பஸ்ல ஏறிட்டாரு. ஆனா நடையைப் பாருங்க!

— அடேயப்பா! எங்க தாத்தா கோயிலுக்குப் போற நடை!

— குவைத்துல மொத தடவை இந்தப் படத்தைப் பாத்தப்ப மேலெல்லாம் சிலுத்துப் போச்சு சார். எகிப்துன்னா பாலைவனம்னு நெனச்சா, வாய்க்கா ஓடுது, நாத்து நடுறாங்க. பண்ணையார் எதுக்க வந்தா வரப்பை விட்டு சேத்துல எறங்கி நிக்கிறாங்க. உலகம் பூரா நம்ம ஊருதானா?

— நல்லவேளை மழை பிடிச்சுது. இல்லேன்னா கும்பகோணத்துல லாட்ஜுக்குப் போயிருப்பேன். உன் வீட்டு சோபாவுல உக்காந்து இதைப் பாத்திருப்பேனா?

— காலையில பத்திரம் எழுதணும்ல சார் நீங்க. அந்த வாய்க்கா ஓரத்து மூணு மா நெலத்துக்கு.

— ஆமா. பட்டுக்கோட்டைக்காரருக்கு. எங்கப்பா வச்சுட்டுப் போனதுல அதான் மிச்சம். உங்கப்பா வீரையன் உழுத வயல்தானே? சரி, அதோ ஒரு கிழவன் பஸ்ல ஏறறான் பார். என்ன சொல்றான்?

— அவரு... அவரு பாஷாவோட பழைய பண்ணையாளு சார். "வெத்துத்தாள்ல என்கிட்ட கைநாட்டு வாங்குனீங்களே"ன்னு கேக்குறாரு.

— கைநாட்டா?

— ஆமா சார். "உரம் வாங்கத்தான்னு சொல்லிட்டு, குத்தகைப் பதிவுலேர்ந்து என் பேரையே எடுத்துட்டீங்களே. முழுசா மூணு மா"ங்குறாரு.

— எகிப்துலயும் மா கணக்கா?

— உங்களுக்கு வெளங்கணும்ல சார்.

— சரி, சொல்லு. அப்பறம்?

— "வயலு போனப்பறமும் நான்தான் ராப்பகலா தண்ணி கட்டுனேன். யாரு பயிரா இருந்தா என்ன, வாடுனா மனசு கேக்கலை. சாகுற வரைக்கும் கட்டுனேன்."

— சாகற வரைக்குமா? இதோ நிக்கறாரே!

— கோவத்துல அப்படித்தான் சார் பேசுவாங்க.

— பாஷா என்ன பதில் சொல்றான்?

— ஒண்ணும் சொல்லலை சார். நாப்பது வருஷமா ஒண்ணும் சொல்லலை.

— ரெத்தினம், நான் மஸ்கட்ல பத்தொன்பது வருஷம் வேலை பாத்தவன், அரபி எனக்கும் புரியும். அந்தக் கிழவர் கேட்டது, ஆஸ்பத்திரி ஸ்டாப் வந்தா சொல்லுங்கன்னு, அவ்வளவுதான். மத்ததெல்லாம் நீங்க உங்கப்பாவுக்காகக் கேட்டது. உங்கப்பா கைநாட்டு வச்ச தாள் எங்கப்பா பெட்டியில இருக்கு, காலையில நான் யாருக்கும் கையெழுத்துப் போடலை.