மருதாணி போட்டு மறைத்த மை

பெயர் அமுதவல்லி, வயது முப்பத்து நான்கு, கணவர் பெயர் தெய்வசிகாமணி, குடும்பத்தைக் கவனித்துக்கொள்கிறேன், நெல்லித்தோப்பில் குடியிருக்கிறோம். என் கணவர் மீதும் ஒரு டாக்டர் மீதும் உள்ள பொய்ச் சான்று வழக்கில் சாட்சியாக நடுவர் அம்மா முன்பு சொல்வது:

என் மகள் கவிநிலாவுக்கு ஐந்து வயது. பள்ளியில் சேர்க்கத் தடுப்பூசி அட்டையோ, ஊசி ஆகாது என்று டாக்டர் தரும் விலக்குச் சான்றோ வேண்டும் என்றார்கள். என் கணவர் முதுகில் அலகு குத்தி மாரியம்மனுக்குத் தேர் இழுப்பவர். "ஆத்தா இருக்கா, ஊசி எதுக்குடி?" என்று குழந்தை பிறந்ததிலிருந்தே போட விடவில்லை.

மாசி மாதம் அடுத்த தெருவில் தட்டம்மை என்று கேட்டு எனக்குப் பயம் பிடித்தது. அதன்பின் ஒரு செவ்வாய்க்கிழமை, கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு, குழந்தையைச் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போய் ஊசி போட்டேன். ஊசி ஏறும்போது அம்மன் பேரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அட்டையை வாங்கினால் வீட்டில் தெரிந்துவிடும் என்று வாங்கவில்லை. போட்டதற்கு அடையாளமாக இடது கட்டைவிரலில் மை வைத்துவிட்டார்கள், தேய்த்தும் போகவில்லை, அதனால் பத்து விரலுக்கும் மருதாணி வைத்துவிட்டேன். என் நாத்தனார் பார்த்து, "என்ன அண்ணி, இப்பவே பொண்ணு பாக்க வராங்களா?" என்றாள். நானும் சிரித்தேன்.

அதன்பின் ஒரு வாரம் போய்க் குழந்தைக்குக் காய்ச்சலும், உடம்பில் லேசான சிவப்பும் வந்தது. ஊசிக்கு அப்படி வரலாம், தானே போய்விடும் என்று நர்ஸம்மா முன்பே சொல்லியிருந்தார். என் கணவரோ ஆத்தா வந்திருக்கிறாள் என்று வாசலில் வேப்பிலை செருகி, எல்லாரையும் குழந்தையின் காலில் விழச் சொன்னார். விழுந்தார்கள். என்னைப் பார்த்தார். நானும் விழுந்தேன்.

சிவப்பு இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றியபின், அந்த டாக்டரிடம் சான்று வாங்கிப் பள்ளியில் கொடுத்தார். எதிர்வீட்டுப் பூர்ணிமா தன் மகனுக்கு ஊசி போடக் கிளம்பியபோது, "எம்பொண்ணப் பாரு, ஊசியா போட்டோம்? ஆத்தா தொட்டுட்டுப் போய்ட்டா" என்று சொல்லி, அவளையும் அதே டாக்டரிடம் அனுப்பினார். நான் பக்கத்தில்தான் வாசல் பெருக்கிக்கொண்டிருந்தேன்.

இப்போது அந்தப் பையன் தட்டம்மை கண்டு, நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் தவிக்கிறான். சம்மன் வந்தபோது எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லத்தான் இருந்தேன். நேற்று அவனைப் பார்க்கப் போனேன். "உங்க வீட்டுக்கு மட்டும் லேசா வந்துட்டுப் போனாளேக்கா, நாங்க என்ன குத்தம் செஞ்சோம்?" என்று பூர்ணிமா என் கையைப் பிடித்துக் கேட்டாள். அவளுடைய சின்னப் பெண்ணுக்காவது ஊசி போடு என்று நான் சொன்னதற்கு, ஆத்தாளுக்கு இன்னும் கோபம் வரும், வேண்டாம் என்றுவிட்டாள். அவளுக்கு இதைத் தெரியப்படுத்தி, அந்தப் பெண்ணுக்கு இன்றைக்கே ஊசி போடவைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

என் கணவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். எழுதியதைச் சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டாம் என்று கேட்டு வாங்கி, நானே மனசுக்குள் படித்தேன். நான் சொன்னதுதான் இருக்கிறது, யாரும் சொல்லிக்கொடுத்து வரவில்லை, அத்தனையும் நிஜம். இதன் நகல் பிற்பாடு அவர் கைக்குப் போகும் என்று நடுவர் அம்மா சொன்னார்கள். அது தெரிந்தே கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்) தெ. அமுதவல்லி