இரண்டு ஹாரன்

முப்பத்தோரு வருடமாக லாரி ஓட்டுகிறேன் சார், இதுவரை ஒரு நாயைக்கூட அடித்ததில்லை. அதனால்தான் நாய் குறுக்கே வந்ததால் பிரேக் போட்டேன் என்று நான் சொன்னதும் நாமக்கல்லில் எல்லோரும் நம்பினார்கள். நீங்கள் மட்டும் பெட்ரோல் பங்க் கேமராவைப் போட்டுப் பார்த்திருக்கிறீர்கள். நல்லது, கேட்டதற்குப் பதில் சொல்கிறேன்.

என் மகள் தனப்பிரியாவை உங்களுக்குத் தெரியும். தேசிய சைக்கிள் போட்டியில் மூன்று தங்கம். மைதானத்தில் ஓட்டும் அந்தப் பந்தய சைக்கிளுக்குப் பிரேக் கிடையாது. ஓடும்போது மிதிப்பதைச் சட்டென்று நிறுத்தவும் முடியாது. நம் பக்கத்தில் அதற்கு மைதானம் ஏது? விடிந்ததும் திருச்செங்கோடு ரோட்டில் காலி லாரியை அறுபதில் விடுவேன். எதிர்க்காற்றை லாரி வாங்கிக்கொள்ளும். அவள் ஒரு முழம் பின்னால் ஒட்டிக்கொண்டே வருவாள். லாரியைத் தாண்டி அவளுக்கு ஒன்றும் தெரியாது. அதனால் பிரேக்கில் கால் வைக்கும் முன் இரண்டு ஹாரன் அடிப்பேன், அவள் இடதுபுறம் விலகிவிடுவாள். ஒன்பது வருடத்தில் ஒரு நாள்கூட நான் தவறியதில்லை.

மூன்றாவது தங்கத்துக்குப் பேட்டி எடுத்தார்கள். வடக்கே கேம்ப்பில் இருக்கும் கோச்சுக்கு நன்றி சொன்னாள். அவள் அங்கே இருந்தது ஏழே மாதம். என் பெயர் வரவில்லை. ‘லாரி டிரைவரின் மகள்’ என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். கோபத்தில் எனக்குப் பத்து நாள் சோறு இறங்கவில்லை. அப்போதும் அவளுக்குத் தினமும் நாலு முட்டை அவித்துக் கொடுத்தேன்.

பதினோராவது நாள் ஷூ மாட்டிக்கொண்டே சொன்னாள்: “அப்பா, லாரிக்குப் பின்னாடி ஓட்டுற பழக்கத்த மொதல்ல மறக்கோணும்னு கோச் சொல்லிப்போட்டாருங்க. நாளையிலிருந்து வேண்டாமுங்க.”

“இன்னிக்கு ஒரு நடை மட்டும் வா சாமி,” என்றேன். வந்தாள்.

பங்க்குக்கு எதிரே பிரேக்கை மிதித்தேன். ஹாரன் அடிக்கவில்லை. மறந்துவிடவில்லை சார், கட்டைவிரல் பொத்தான் மேல்தான் இருந்தது. என் பேச்சைக் கேட்கிறவளுக்குத்தான் ஹாரன். கோச் பேச்சைக் கேட்கிறவளுக்கு நான் எதற்கு அடிக்க வேண்டும்?

லாரியில் மோதியவளுக்கு இடுப்புக்குக் கீழே இனி அசைவு வராதாம். ஆஸ்பத்திரியில் கண் விழித்தவளிடம் நாய் வந்த கதையைச் சொன்னேன்.

“நாய்க்கு ஒண்ணும் ஆவலீங்களே, அப்பா?”

“ஒண்ணும் ஆவல சாமி, ஓடிப்போச்சு.”

நிம்மதியாகத் தூங்கினாள். இப்போது பேப்பர்காரர்கள் வந்தால், “எல்லாமே எங்கப்பாதானுங்க” என்கிறாள். இதை அன்றைக்கே சொல்லியிருந்தால் அவளுக்கு என்ன குறைந்திருக்கும்?

எழுதிக்கொள்ளுங்கள். நாய் எதுவும் வரவில்லை. தெரிந்தேதான் பிரேக் போட்டேன். பெயர் இளவழகன். தொழில் என்ற இடத்தில் டிரைவர் என்று போட வேண்டாம் சார், கோச் என்று எழுதுங்கள்.