காகிதம் போன தூரம்

காப்பி ஆறிவிடும் ரௌனோ, முதலில் குடி. ஏலக்காய் ரொட்டி நேற்றுச் சுட்டது, ஆனாலும் மெத்தென்றுதான் இருக்கிறது. துப்பாக்கி எங்கும் ஓடிப்போகாது.

குழலைத் தாங்குகிற கட்டையைக் கழற்றிப் பார்த்துவிட்டாய். நல்லதுதான். மகளுக்கு வாங்குகிறவன் கழற்றிப் பார்க்காமல் வாங்கக்கூடாது. பிளாஸ்டிக்தான் என்றாலும் நாம் கட்டை என்றே சொல்லிப் பழகிவிட்டோம். முன்பக்கத்தில் இரண்டு இடம் நசுங்கிப் பளபளக்கிறது. "ஆர்வி இத என்ன பண்ணி வெச்சான்?" என்று கேட்டாய். என் புருஷன் ஒன்றும் பண்ணவில்லை. அது என் கிளாம்ப் இறுக்கிப் பிடித்த தடம்.

முப்பத்தொரு வருஷம் படகுத் தொழிற்சாலையில் பிளாஸ்டிக்கோடு மல்லுக்கட்டியவள் நான், உனக்குத் தெரியும். அதனால்தான் போன வருஷத்துக்கு முந்தின வருஷ இலையுதிர்காலத்தில் கட்டை கோணிக்கொண்டபோது ஆர்வி என்னிடம் கொண்டுவந்தான். மழையில் நனைந்த துப்பாக்கியைக் காயட்டும் என்று சவுனா வெந்நீராவி அறையில், அடுப்பின் புகைக்குழாயை ஒட்டிய ஆணியில் மாட்டிவிட்டு மறந்திருக்கிறான். சூட்டில் கட்டையின் முன்பகுதி வலப்பக்கம் சாய்ந்து குழலோடு ஒட்டி நின்றது. கட்டை குழலைத் தொட்டால் குண்டு அதன் இஷ்டத்துக்குப் போகும். வேட்டைக் குழுவின் தலைவன், உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கொதிக்கிற தண்ணீரில் துணியை நனைத்துச் சுற்றினேன். இளகியதும் எதிர்ப்பக்கம் ஒரு பிடி கூடுதலாகவே வளைத்து, நசுங்காமலிருக்க அடியில் துணி வைத்து, கிளாம்ப் போட்டு மறுநாள் வரை ஆறவிட்டேன். பிறகு ரொட்டி சுடுகிற தாளில் ஒரு கீற்று வெட்டி, குழலுக்கும் கட்டைக்கும் நடுவே நுழைத்தேன். எங்கும் தட்டாமல் நுனியிலிருந்து அடிவரை வழுக்கிக்கொண்டு போயிற்று.

ஆர்வி கைகொட்டிச் சிரித்தான். "பிளாஸ்டிக்குக்கே வைத்தியம் பாக்கறாளே! என் முதுகுக்கும் ஒரு கிளாம்ப் போடேன்."

"உனக்குக் கொதிக்கிற தண்ணி மட்டும்தான்," என்றேன்.

அந்த வருஷம் இரண்டு மூஸ் மான் சுட்டான். மூன்று நாள் ஓயாமல் பேசினான். போனில், உன்னோடு. அந்த மூன்று நாளும் நான் இந்த அடுப்படியில் கறியை வெட்டி உறைபெட்டிக்குப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தேன்.

குளிர்காலத்தில் அவனுக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரியில் ரத்தக்குழாயைத் திறந்துவிட்டு அனுப்பினார்கள். அதற்குப் பிறகு சதுப்புக் காட்டை நினைத்தாலே எனக்குப் பயம். அங்கே விழுந்தால் யார் பார்ப்பது? போகாதே என்றால் கேட்கிற ஆளா? "வீட்டுல உக்காந்து சுவரப் பாக்கச் சொல்றியா?" என்பான். சுவருக்கு முன்னால் நானும் உட்கார்ந்திருந்தேன் என்பதை அவனிடம் சொல்லவில்லை.

கோடையில் ஒருநாள் அவன் ஏரிக்கு வலை போடப் போயிருந்தபோது தண்ணீர் கொதிக்க வைத்தேன். நான் எதையும் கெடுக்கவில்லை, ரௌனோ. கட்டையில் நான் நிமிர்த்திக் கொடுத்ததைத் திருப்பி எடுத்துக்கொண்டேன், அவ்வளவுதான். கனத்தில் பார்த்தால் ஒரு தாள் அளவு.

ஆகஸ்டில் சுடுதேர்வு. தேறாதவன் மூஸ் வேட்டையில் துப்பாக்கி எடுக்கக்கூடாது. நாலு குண்டில் இரண்டு வட்டத்துக்கு வெளியே. மறுவாரம் மூன்று. துப்பாக்கிமேல் இருந்த தொலைநோக்கியைத் திருகித் திருகிப் பார்த்தான். வெயில் நாளில் சரியாக வந்தது, ஈர நாளில் வேறு பக்கம் போயிற்று. நீதான் கேட்டாயாமே, "என்ன ஆர்வி, ஒதுங்கி நிக்கச் சொல்லி மூஸுக்கு முன்னாடியே கடுதாசி போட்டுட்டியா?" என்று. எல்லோரும் சிரித்தார்களாம். அவனும் சிரித்தானாம். வீட்டுக்கு வந்து சிரிக்கவில்லை.

இதே மேசையில் துப்பாக்கியை வைத்தான். மாத்திரைகளால் அவன் விரல் நுனிகள் மரத்துப்போயிருந்தன, தாள் தட்டுவது அவனுக்குத் தெரியாது.

"ஹில்க்கா, நீயே பாரேன். தாள் போகுதா?"

நான் கீற்றை நுழைத்தேன். நாலு விரற்கடைக்கு மேல் நகரவில்லை. உள்ளங்கையால் அந்த இடத்தை மூடிக்கொண்டேன்.

"போகுது. அடிவரைக்கும் சுத்தமா போகுது."

"அப்ப கட்டை இல்ல."

"இல்ல."

"அப்ப நான்தான்."

நான் அவனுக்குக் காப்பி ஊற்றினேன்.

செப்டம்பரில் இன்னும் இரண்டு முறை கேட்டான். கடைசி முறை அவன் தாளைப் பார்க்கவேயில்லை, என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். "நீ சொன்னா சரிதான்," என்றான். அதற்குப் பிறகு சன்னல் வெளிச்சத்தில் வலதுகையை நீட்டிப் பிடித்துப் பார்ப்பது அவனுக்குப் பழக்கமாயிற்று. பார்க்கப் பார்க்க அது நடுங்கவும் தொடங்கியது. சூப்பைச் சிந்தினான். காரை என்னை ஓட்டச் சொன்னான். பொத்தான் போட என்னிடம் வந்து நின்றான். அந்த மாதம் நாங்கள் நன்றாகவே இருந்தோம்.

துப்பாக்கி இல்லாத மனிதன் வீட்டில் இருப்பான் என்று நினைத்தேன். யாரும் அப்படித்தானே நினைப்பார்கள்? "சுட லாயக்கில்லேன்னா நடக்கறேன். நாயோட போய் விரட்டறேன்," என்று கிளம்புவான் என்று எனக்கு எப்படித் தெரியும்? சுடுகிற நீங்கள் ஆளுக்கொரு மரத்தடியில் பிளாஸ்க்கும் கையுமாக உட்கார்ந்திருப்பீர்கள். விரட்டப் போகிறவன்தான் சதுப்பில் முழங்கால் புதைய நடக்க வேண்டும்.

அன்று காலை ஆரஞ்சு சட்டையை மாட்டும்போது, "நடக்காத ஆர்வி, அவங்களோட உக்காரேன்," என்றேன்.

"அங்க உக்காரணும்னா துப்பாக்கி வேணும் ஹில்க்கா."

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கெண்டி அடுப்பின்மேல்தான் இருந்தது, தண்ணீரும் கொதித்துக்கொண்டுதான் இருந்தது. நான் அவனுடைய கழுத்துப் பொத்தானைப் போட்டுவிட்டேன்.

விழுவதற்கு முன் மூன்று கிலோமீட்டர் நடந்திருந்தான் என்று நீதான் வந்து சொன்னாய். நாய் அவன் பக்கத்தை விட்டு நகராமல் குரைத்ததால் கண்டுபிடித்தோம் என்றாய். இந்த வாசலில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, "நான்தான் அன்னிக்குக் கிண்டல் பண்ணினேன், அந்த ரோஷத்துலதான் நடந்தான்," என்று அழுதாய். நான் உன் தோளைத் தட்டிக் கொடுத்தேன். குளிர்காலம் முழுவதும் நீ அதைச் சுமந்துகொண்டு திரிந்தாய் என்று உன் மனைவி சொன்னாள். இனி அதை இறக்கி வைத்துவிடு.

அடக்கம் முடிந்த மறுநாள் கட்டையை நிமிர்த்தினேன். இந்தத் தடம் அப்போது விழுந்ததுதான். கிளாம்புக்கு அடியில் துணி வைக்க மறந்துவிட்டேன். முப்பத்தொரு வருஷத்தில் ஒருமுறைகூட நான் அதை மறந்ததில்லை. இந்தா, தாள். நீயே நுழைத்துப் பார். போகிறதா? உன் மகள் நன்றாகச் சுடுவாள்.

இதை நீ போலீசில் சொன்னாலும் சரி, குழுவில் சொன்னாலும் சரி. அவன் காட்டுக்குப் போகலாமா கூடாதா என்பதை டாக்டரிடம் ஏன் விட்டுவிடவில்லை என்றுதானே கேட்கிறாய்? டாக்டரிடமும் போனோம், அந்தக் கோடைக்கு முன்பே. நான் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். "ஓடியாடி நடக்கறதுதான் கூடாது. மரத்தடியில உக்காந்து சுடுங்க, மனசுக்கும் நல்லது. இன்னும் பத்து வருஷம் தாராளமா போகலாம்," என்றார் அவர்.

திரும்பி வரும்போது காரில் ஆர்வி வழிநெடுக விசிலடித்துக்கொண்டே வந்தான். நாற்பத்துநாலு வருஷத்தில் இந்த வீட்டுக்குள் அவன் ஒருநாளும் விசிலடித்ததில்லை. வாசலில் காரை நிறுத்தியதும் விசிலையும் நிறுத்திவிட்டான்.

அவனுடைய நெஞ்சை நினைத்துத்தான் பயந்தேன் ரௌனோ. வேறு எதற்கு?