ரம்லத் வீட்டுப் பச்சை விளக்கு

நெருங்கி உட்காருங்கள், என் கண்ணுகளா. அந்தப் போர்வையை இழுத்து ஓரத்தில் இருக்கிற பிள்ளையின் காலையும் மூடுங்கள். கட்டன் சாயா ஆறுவதற்குள் ஒன்று சொல்லிவிடுகிறேன். பயம் வந்தால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளலாம், தப்பில்லை. என் சிநேகிதி நபீசுவின் தம்பி ஜம்ஷீருக்கு நடந்தது இது. அவளே சொன்னாள். பட்டப்பகலில்தான் சொன்னாள், ஆனாலும் கதவைச் சாத்திவிட்டுத்தான் சொன்னாள்.

இரவு பதினொன்று தாண்டியிருக்கும். அரீக்கோட்டுக்கு மேலே, ரப்பர்த் தோட்டத்தின் நடுவே ஏறிப்போகும் செம்மண் பாதை. மழை விட்டிருந்தது. மரங்கள் விடவில்லை... சொட்... சொட். ரப்பர் ஷீட் காயப்போட்ட கொட்டகையிலிருந்து புளித்த நாற்றம். ஜம்ஷீர் பைக்கை முதல் கியரிலேயே ஓட்டிக்கொண்டு போனான். சட்டைப் பையில் ஒரு அடாப்டர். வைஃபை பெட்டிக்குக் கரண்டு கொடுக்கும் சின்னக் கறுப்புக் கட்டை. அதன் சூடு இன்னும் ஆறவில்லை. நெஞ்சோடு ஒரு கோழிக்குஞ்சை வைத்துக்கொண்டு போவது போல இருந்ததாம்.

அது அவனுடையது இல்லை. அன்று சாயங்காலம் பொய் சொல்லி எடுத்து வந்தது.

ஜம்ஷீர்தான் அந்தப் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் இன்டர்நெட் இழுத்துக் கொடுப்பவன். பெட்டி உயிர் விட்டால் அவனைத்தான் கூப்பிடுவார்கள். அன்றைக்குக் கால்பந்துக் கோப்பையின் கடைசி ஆட்டம். கிளப்பில் சுவரளவு வெள்ளைத் துணி கட்டி, ஊரே மரவள்ளிக் கப்பையும் போத்து இறைச்சிக்கறியும் வைத்துக்கொண்டு காத்திருந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு இடி. கிளப்புப் பெட்டியில் ஒரு விளக்கும் இல்லை.

அவன் முறையாகத்தான் பார்த்தான். பிளக் பாயிண்டில் டெஸ்டரை வைத்தான், எரிந்தது. வேறு பாயிண்டில் மாற்றிச் செருகினான், பெட்டி எழவில்லை. பட்டனை அமுக்கிப் பார்த்தான், ஒன்றுமில்லை. அடாப்டரின் முனையில் மீட்டரை வைத்தான். பூஜ்யம். மூக்கருகே கொண்டுபோனான்... கருகிய வாடை. அப்படியானால் பெட்டி பிழைத்தது, அடாப்டர்தான் போனது. பையில் மாற்று இல்லை. ஆட்டம் என்று கடைகளையும் சாத்திவிட்டார்கள்.

பையன்கள் விடுவார்களா? "ஜம்ஷீரே, படம் வரலேன்னா உன்னையே கோல் போஸ்ட்ல கட்டிவச்சு பெனால்டி அடிப்போம்" என்றான் ஒருவன். "அவன் மீட்டரு ஜுரம் பாக்கத்தாண்டா லாயக்கு" என்றான் இன்னொருவன்.

கண்ணுகளா, மழைக்காலத்தில் அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. சரக்கு வரத் தாமதமானால், சத்தம் போடாத வீட்டிலிருந்து கழற்றி, சத்தம் போடுகிற வீட்டில் மாட்டிவிடுவது. இரண்டு நாள் கழித்துத் திருப்பிக் கொடுத்தால் யாருக்கும் தெரியாது. ஜம்ஷீருக்கு நினைவு வந்தது ரம்லத்தின் வீடு.

ரம்லத்தின் கணவன் சைதலவி வளைகுடாவில் ஒரு கிடங்கில் வேலை பார்த்தான். ஊரில் இருந்தபோது அதே கிளப்புக்குக் கோல் காத்தவன். அவன் வீடு இருப்பது குன்றின் மடிப்பில். செல்போன் சிக்னல் வேண்டுமானால் மேட்டுப் பள்ளிவாசல் வரை நடக்க வேண்டும். அதனால்தான் அந்தப் பெட்டி. தினமும் வேலை முடிந்து ஒன்பதரைக்குக் கூப்பிடுவான். மகள் ஃபிதா, ஆறு வயசு, அந்த முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் தூங்குவாள்.

ஜம்ஷீர் போனபோது பெட்டி பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. ரம்லத் அடுக்களையில் இருந்தாள். அவன் ஸ்டூலில் ஏறி, முதுகால் மறைத்துக்கொண்டு, கட்டைவிரலால் சுவிட்சை அணைத்தான். பிறகு அவளைக் கூப்பிட்டான்.

"பாருங்க இத்தா, இங்கயும் எரியல. இடியில அடாப்டரு போயிருக்கு. கொண்டுபோய்ப் பாத்துட்டு வரேன்."

அவள் கையைத் தலையில் போட்டிருந்த தட்டத்தில் துடைத்துக்கொண்டே, ஒன்பதரைக்குள் வந்துவிடுமா என்று கேட்டாள். காலையிலிருந்தே அவருக்கு உடம்பு சரியில்லை, குரலே சரியில்லை என்றும் சொன்னாள். அதுக்குள்ள வந்துடுவேன் இத்தா என்று அவன் ஒப்புக்கொண்டான். வாசல்படியில் ஃபிதா உட்கார்ந்து அரிசிப் பத்திரி தின்றுகொண்டிருந்தாள். அவளைத் தாண்டித்தான் போனான்.

ஒன்பதரை ஆனபோது அவன் கிளப்புக் கடிகாரத்தைப் பார்த்தான். ஆட்டம் சமனில் நின்றது. இப்போது அடாப்டரைப் பிடுங்கினால் உயிரோடு வெளியே போக முடியாது. ஒரு நாள் பேசாவிட்டால் என்ன ஆகிவிடும் என்று நினைத்துக்கொண்டான். ஆட்டம் நீண்டது. பெனால்டிக்குப் போனது. வெடி வெடித்தார்கள், ஒருவரை ஒருவர் தோளில் தூக்கினார்கள். அந்தக் கூச்சலில் அவன் மெல்ல அடாப்டரைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

பாதை திரும்பியதும் வீடு தெரிந்தது. விளக்கு அணைத்திருப்பார்கள் என்று நினைத்திருந்தான். ஜன்னலில் வெளிச்சம். மெல்லிய... பச்சை.

கதவு திறந்தே இருந்தது. ரம்லத் பாயில் உட்கார்ந்திருந்தாள், முகம் முழுக்கச் சிரிப்பு. மடியில் ஃபிதா. கையில் போன். வீட்டுக்குள் ஒரு வாசனை... வளைகுடாப் பெட்டியைத் திறந்ததும் வருமே, சோப்பும் அத்தரும் கலந்து... அது.

"ஜம்ஷீரே, அங்க இருந்தே சரி பண்ணிட்டியா? அரை மணியா பேசிட்டிருக்காரு. எவ்வளவு நாளாச்சு இப்படி நிம்மதியா பேசி."

அவன் நிமிர்ந்து பார்த்தான். வாசல் நிலைக்கு மேலே பெட்டி. எல்லா விளக்குகளும் பச்சை. கரண்டு செருகும் ஓட்டை காலி. கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. அடாப்டர் அங்கேதான் இருந்தது. சுவிட்சைப் பார்த்தான். தன் கட்டைவிரல் விட்டுப்போன படியே, அணைந்து கிடந்தது.

ஸ்டூலில் ஏறித் தொட்டுப் பார்த்தான். எரிகிற பெட்டி சூடாக இருக்கும். இது... கிணற்றுக்கல் மாதிரி குளிர்ந்திருந்தது.

"உங்கிட்டயும் பேசணுமாம்" என்று ரம்லத் போனை நீட்டினாள்.

அவன் வாங்கியதும் திரையில் இருட்டு. ஒரு தோளின் கோடு மட்டும். எங்கோ ஏசியின் உறுமல். பிறகு அதுவும் நின்றது.

"ஜம்ஷீரே..." என்றது குரல். போனிலிருந்து வரவில்லை. தலைக்கு மேலே, பெட்டியிலிருந்து வந்தது. "யாரு ஜெயிச்சது?"

ஆட்டம் பார்க்கப் போனதாக அவன் அந்த வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. ஜெயித்த அணியின் பெயரைச் சொன்னான்.

"ம்... நல்லது. இப்ப மாட்டிடு."

அவ்வளவுதான். கோபமே இல்லையாம் அந்தக் குரலில். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன் அக்கா என்று நபீசுவிடம் அழுதானாம்.

அவன் அடாப்டரை எடுத்தான். கைலியை யாரோ இழுத்தார்கள். ஃபிதா. எக்கி நின்று, உம்மாவுக்குக் கேட்காமல் சொன்னாள்.

"உப்பா ஏன் போன் எடுக்கலன்னு கேட்டாங்க. ஜம்ஷீர்க்கா சுவிட்சை அமுக்கிட்டு எடுத்துட்டுப் போனாங்கன்னு சொன்னேன். உம்மாகிட்ட சொல்ல வேணாம்னுட்டாங்க."

அவன் செருகினான். சுவிட்சைப் போட்டான். எரிந்துகொண்டிருந்த விளக்குகள் எல்லாம் ஒரே அடியாக அணைந்தன. அத்தர் வாசனையும் போய்விட்டது. பிறகு, சாதாரணமாக ஒரு பெட்டி எழுமே, அப்படி ஒவ்வொன்றாக எரிந்தன. முதலில் சிவப்பு. பிறகு பச்சை.

அப்போதுதான் போனுக்கு நிஜமான இன்டர்நெட் வந்தது. டிங். டிங். டிங்... நிற்கவேயில்லை. சைதலவி கூப்பிட்டு எடுக்காத அழைப்புகள், ஒன்பதரையிலிருந்து வரிசையாக. அதற்கப்புறம் அவனோடு அறையில் தங்கியிருந்தவனின் அழைப்புகள். கடைசியில் ஒரு குரல் பதிவு. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குத்தான் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார் இத்தா, நீங்க எடுக்கல, ஆஸ்பத்திரி போற வழியிலேயே... என்று அந்தப் பையன் அழுதான்.

மூச்சு நின்ற நேரத்தையும், அந்தப் பேச்சு தொடங்கிய நேரத்தையும் நபீசு பிறகு ஒப்பிட்டுப் பார்த்தாளாம். பார்த்திருக்கக் கூடாது என்றாள்.

ரம்லத் அந்தக் கணக்கை எல்லாம் பார்க்கவில்லை. அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஜம்ஷீர் எதையோ சரி செய்தான், அதனால் கடைசியாக அரை மணி நேரம் பேச முடிந்தது. "அந்தப் பிள்ளையாலதான் அவரு முகத்தைப் பாத்தேன்" என்று துக்கம் கேட்டு மையித்துக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். ஒவ்வொரு பெருநாளுக்கும் முதல் தட்டு பத்திரியும் கறியும் ஜம்ஷீர் வீட்டுக்குத்தான் வரும். அவன் வாயில் வைப்பான். பிறகு தட்டை மூடி வைத்துவிடுவான். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று பலமுறை குன்று ஏறியிருக்கிறான். சொன்னால் அவளிடமிருந்து அந்த அரை மணியையும் பிடுங்கினதாகிவிடும். வாசலில் ஃபிதா நிற்பாள். வளர்ந்துவிட்டாள். ஒன்றும் சொல்லமாட்டாள். உப்பா சொல்ல வேண்டாம் என்றாரே.

அதற்குப் பிறகு ஜம்ஷீர் எந்த வீட்டிலும் எதையும் கழற்றி இன்னொரு வீட்டில் மாட்டியதில்லை. கிளப்புப் பக்கமும் போவதில்லை. ஆனாலும் ஒவ்வொரு பெரிய ஆட்டமும் முடிந்ததும் யாரையாவது பிடித்து, எந்த அணி ஜெயித்தது என்று கேட்டு வைத்துக்கொள்கிறான். ஏன் என்று நபீசுதான் ஒருநாள் அவன் அறைக்குள் போய்ப் பார்த்தாள்.

பழுது பார்க்க வந்த பெட்டிகள் மேஜையில் அடுக்கிக் கிடந்தன. ஒன்றிலும் ஒயர் இல்லை. அதில் ஒன்றில்... ஒரே ஒரு பச்சை விளக்கு. ஜம்ஷீர் அதன் முன்னால் கைகட்டி நின்று, ஜெயித்த அணியின் பெயரைச் சொன்னான். விளக்கு அணைந்தது.

ஒரே ஒரு முறை, அவன் கேட்டு வைக்க மறந்துவிட்டானாம். அன்றைக்கு விடியற்காலைச் சுபுஹு பாங்கு சொல்லும்வரை அந்த விளக்கு அணையவே இல்லை.

சரி, எழுந்திருங்கள் என் செல்லங்களா, கைகளை விடுங்கள், தூங்கப் போகலாம். தூரத்தில் இருக்கும் உங்கள் மனிதர்கள் கூப்பிடும்போது, எடுக்க வீட்டில் ஆள் இருக்கட்டும். கூப்பிட்டவர் குரல் உங்கள் காதுக்கு உயிரோடு வந்து சேரட்டும். உங்கள் வீட்டில் எரிகிற விளக்கெல்லாம், என்றென்றைக்கும், ஒயரில் வரும் கரண்டிலேயே எரியட்டும்.