இரண்டாவது முகம்

புதுப் போனுக்கு மாறுகிறவர்களில் பாதிப் பேர், பழைய போனில் போட்டிருந்த பூட்டும் கூடவே வந்துவிடும் என்றுதான் நினைக்கிறார்கள், ஹாஜியார். வராது. படங்கள் வரும், நம்பர்கள் வரும், வாட்ஸ்அப்பில் எழுதியதெல்லாம் வரும். எந்த அப்பைப் பூட்டி வைத்தோம், எதை ஒளித்து வைத்தோம் என்பது மட்டும் பழைய போனோடு நின்றுவிடும். மதுரங்குளிச் சந்தியில் பதினொரு வருடமாகப் போன் கடை வைத்திருக்கிறேன். அன்ட்ராய்டில் இருந்து ஐபோனுக்கு மாறுகிற எல்லோருக்கும் இதைச் சொல்லித்தான் கொடுப்பேன்.

என் தங்கை ஸஹ்றாவுக்கும் சொன்னேன். பெருநாளைக்கு அவளுக்கு ஐபோன் வாங்கிக் கொடுத்தது நான்தான். பழையதில் வாட்ஸ்அப்பைப் பூட்டி வைத்திருந்தாள். எல்லாவற்றையும் மாற்றிக் கொடுத்தபோது, "பூட்டையும் போட்டுத் தாங்க நானா" என்று கேட்டாள். போட்டேன். அவள் முகத்தைக் காட்டினால் திறக்கும்படி வைத்தேன். அந்தப் போனில் இன்னொரு முகத்தையும் சேர்த்துக்கொள்ள இடம் உண்டு. அவள் தேத்தண்ணி ஊற்ற உள்ளே போன நேரத்தில் என் முகத்தைச் சேர்த்தேன். ஆபத்து அவசரத்துக்கு வீட்டு ஆம்பிளை ஒருவரால் திறக்க முடிய வேண்டும் என்று நினைத்தேன். அவளிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வேண்டாம் என்றிருப்பாள்.

எங்கள் வீட்டு நிலைமை உங்களுக்குத் தெரியும். என் மனைவி சுல்பா குவைத்தில் வீட்டு வேலைக்குப் போய் நாலு வருடம். ஸஹ்றாவின் மாப்பிள்ளை கடலில் மூழ்கி மௌத்தாகி ஆறு வருடம். என் இரண்டு பெண் பிள்ளைகளையும் அவள்தான் வளர்க்கிறாள். சின்னவள் அவளை உம்மா என்றுதான் கூப்பிடுகிறாள். நான் கடையால் வரும்போது சோறு சூடாக இருக்கும், சேர்ட் மடித்திருக்கும். குறை என்று சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

அவள் மத்தியானம் லுஹர் தொழப் போகும்போது போனைக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைத்துவிட்டுப் போவாள். முதல் முறை, பூட்டு ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் எடுத்தேன். திறந்தது. சியாம் என்ற பெயர் இருந்தது. புத்தளத்தில் உப்புக் கம்பெனி ஒன்றில் எழுதுவினைஞர். தொண்ணூறில் மன்னாரில் இருந்து விரட்டப்பட்டு வந்த குடும்பம். கலியாணம் முடிக்காதவர். வாசித்துப் பார்த்தேன். கெட்ட கதை ஒன்றும் இல்லை. சாப்பிட்டீங்களா, மழையா, பிள்ளைகளுக்குக் காய்ச்சல் சுகமா என்றுதான் இருந்தது. என்னிடம் எப்படிப் பெண் கேட்பது என்று இரண்டு பேரும் யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

நான் கோபப்படவில்லை. அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. ஒருநாள் அவர், ஞாயிற்றுக்கிழமை மாமாவோடு வீட்டுக்கு வரட்டுமா, அன்றைக்குள் பதில் தாருங்கள் என்று எழுதியிருந்தார். அவள் பார்க்குமுன் அதை அழித்தேன். பதில் வராததால் அவர் வரவில்லை. அதற்குப் பிறகு இரண்டு மூன்று முறை அப்படிச் செய்தேன். சத்தம் இல்லாமல், யார் மனமும் நோகாமல் விட்டுப் போகட்டும் என்பதுதான் என் எண்ணம்.

அவருக்கு இருதயத்தில் வால்வு பழுது. கொழும்பில் ஆஸ்பத்திரியில் போட்டிருந்தார்கள். பரிசோதனைக்கு மட்டும் என்று ஸஹ்றாவிடம் சொல்லியிருந்தார். ஒரு செவ்வாய்க்கிழமை லுஹர் நேரம் நான் போனைத் திறந்தபோது புதிதாக ஒன்று வந்திருந்தது. நாளைக் காலையில் ஒபரேஷன், பயமாக இருக்கிறது, ஒருக்கா வந்து பார்த்துவிட்டுப் போக முடியுமா என்று கேட்டிருந்தார்.

அவள் அறையில் நெற்றியை நிலத்தில் வைத்துச் சுஜூதில் இருந்தாள். அவள் எழுதுவது போல நான் எழுதினேன். அவள் எழுதும் விதம் அதற்குள் எனக்குப் பழகியிருந்தது. "என்னால வர ஏலாது. இனி எனக்கு எழுத வேணாம். எனக்குப் பிள்ளைகள்தான் முக்கியம்." அனுப்பினேன். அவர் வாசித்ததைக் கண்டேன். "சரி ஸஹ்றா" என்று மட்டும் வந்தது. அந்த மூன்றையும் மட்டும் அவள் போனில் அழித்துவிட்டு, அதை இருந்த இடத்திலேயே வைத்தேன்.

பின்னேரம் அவள் எழுதியது அவருக்குப் போய்ச் சேரவில்லை. அவர் தன் போனை அணைத்துத் தன் தங்கையிடம் கொடுத்திருந்தாராம். புதன்கிழமை ஒபரேஷன் மேசையிலேயே அவர் மௌத்தானார்.

ஒன்பதாம் நாள் அவருடைய தங்கை ஃபர்ஸானா எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வந்தவர் உட்காரவும் இல்லை. தன் நானா சியாமின் போனை ஸஹ்றாவின் கையில் கொடுத்து, "கலியாணம் வேணாமெண்டா வேணாம். ஒருக்கா வந்து பாத்திருக்கலாமே. இதை வாசிச்சிட்டுச் சுவர்ப் பக்கமாத் திரும்பிப் படுத்தவர், அதுக்குப் பொறகு எங்களோடயும் கதைக்கல்ல" என்றார்.

ஸஹ்றா வாசித்தாள். திரும்பவும் மேலே போய் வாசித்தாள். "இதை நான் எழுதல்ல" என்றாள். எழுதிய நாளையும் நேரத்தையும் பார்த்தாள்: செவ்வாய்க்கிழமை, லுஹர் நேரம். பிறகு எழுந்து தன் போனை எடுத்து வந்து, என் முகத்துக்கு நேரே பிடித்தாள். நான் கண்ணை மூடியிருக்கலாம். அது தோன்றவில்லை. பூட்டுத் திறந்தது.

"எத்தனை நாளா நானா?" என்று கேட்டாள்.

ஏழு மாதம் என்று சொன்னேன். பொய் சொல்லவில்லை.

அவள் போனை என் சோற்றுப் பீங்கானுக்குப் பக்கத்தில் வைத்தாள். இரண்டு உடுப்பை எடுத்துக்கொண்டு ஃபர்ஸானாவோடு இறங்கிப் போனாள். சின்னவள் கேற் வரைக்கும் ஓடினாள்.

நீங்கள் பள்ளிவாசல் தலைவர். ஏன் செய்தாய் என்று கேட்கிறீர்கள். அவருடைய இருதயம் பழுதாக இருந்தது, டொக்டர்மாரே சொல்லியிருக்கிறார்கள். கலியாணம் முடித்துக் கொடுத்திருந்தாலும் இன்னொரு தரம் விதவையாகத்தான் இருந்திருப்பாள். அதிலிருந்து அவளைக் காப்பாற்றினேன் என்றுதான் நினைக்கிறேன். அவருடைய இருதய வருத்தம் எனக்கு முதலிலேயே தெரியுமா என்றால், இல்லை, ஞாயிற்றுக்கிழமைச் செய்தியை அழித்த நாளில் தெரியாது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், அவள் போய்விட்டால் வீட்டில் அடுப்பு எரியாது என்பதுதான்.

நீங்கள் அவளிடம் பேச வேண்டும், பத்ருதீன் ஹாஜியார். நான் சொன்னால் கேட்க மாட்டாள். ஃபர்ஸானா வீட்டில் இப்போது அவள் இல்லை. புத்தளத்தில் தன் கூட்டாளிப் பெண் ஃபஸ்னாவின் வீட்டு மேல்மாடியில் இருக்கிறாள். திங்கட்கிழமை பாலர் பாடசாலையொன்றில் வேலைக்குச் சேர்கிறாள். போனை விட்டுவிட்டுப் போனாளே தவிர, அதில் அவளுக்கு இன்னும் செய்திகள் வருகின்றன. பத்திரமாக இருக்கிறாளா என்று தெரிந்துகொள்ளத்தான் பார்த்தேன்.