சரக்கு அறைக்கு ஒரே வாசல்

நேர்காணலுக்கு வருகிறவர்களுக்கு முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுப்பது என் வழக்கம், ஐயா. தாகம் தீர்ந்தால் வாய் தானாகத் திறக்கும். அந்த மொபைல் கடைக்குப் பதினோரு வருஷமாக நான்தான் மேனேஜர். ஆளைப் பார்த்ததுமே எடை போட்டுவிடுவேன்.

விற்பனை வேலைக்கு வந்த அந்தப் பெண் தண்ணீரைத் தொடவில்லை. பேச்சு என்னிடம், கண் தெருவில். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்? விண்ணப்பத்தில் மணமாகாதவர் என்று எழுதியிருந்தாள். கடைசி எட்டு மாதம் எங்கேயும் வேலை பார்க்கவில்லை. ஏன் என்று கேட்டேன். உடம்பு சரியில்லை என்றாள். என்ன உடம்புக்கு என்றதும் மறுபடி தெருவைப் பார்த்தாள்.

ஒரு மொபைலைக் கையில் கொடுத்து, என்னிடமே விற்றுக் காட்டச் சொன்னேன். எல்லாருக்கும் வைக்கிற பரீட்சைதான். மற்றவர்கள் கேமராவில் ஆரம்பிப்பார்கள். இவளோ, நாம் இருக்கும் இடத்தை அடுத்தவர் கண்டுபிடிக்காமல் மறைப்பது எப்படி என்பதில் ஆரம்பித்தாள். குடும்பப் பெண்ணுக்கு அது எதற்கு? ஆனால் நன்றாகச் சொன்னாள், நானே வாங்கியிருப்பேன். அந்த வசதி பழைய மாடலிலும் உண்டு என்று நடுவில் சொன்னேன். "இல்ல சார், அதுல கிடையாது" என்று திருத்தினாள். கல்லாவில் இருந்த பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கிளம்பும்போது மெதுவாகச் சொன்னாள்: "பழைய கடைக்கு மட்டும் ஃபோன் பண்ணிடாதீங்க சார்."

பண்ணாமல் இருக்க முடியுமா? பழைய கடைக்காரர் தயங்கித் தயங்கித்தான் பேசினார். அவளுக்குப் புருஷன் இருக்கிறான், தேடிக்கொண்டு அடிக்கடி வருகிறான், நம்பர் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான் என்றார். வாங்கிக்கொண்டேன்.

புருஷன் தன்மையான ஆள். எடுத்ததுமே என்னை அண்ணா என்றான். "எங்க இருக்கான்னு மட்டும் சொல்லுங்கண்ணா, நான் பேசிக்கிறேன்." அவள் விண்ணப்பத்தில் வீட்டு முகவரி இல்லை. அதனால் அவளை ஃபோனில் கூப்பிட்டு, வேலை கிடைத்துவிட்டது, வியாழக்கிழமை மூன்று மணிக்கு வந்து கையெழுத்துப் போடு என்றேன். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அழுதிருப்பாள் போல. பிறகு, என்னைத் தன் சொந்த அண்ணன் மாதிரி நினைப்பதாகச் சொன்னாள்.

பத்து நிமிஷம் முன்னதாகவே வந்தாள். பின்னால் இருக்கும் சரக்கு அறையில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பச் சொன்னேன். அதற்கு ஒரே வாசல். புருஷன் சொன்ன நேரத்துக்கு வந்தான். கை காட்டிவிட்டு முன்பக்கம் வந்து, பாட்டுச் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தேன். குடும்பச் சண்டை வாடிக்கையாளர் காதில் விழக்கூடாது. நான்கு நிமிஷத்தில் அவன் தனியாக வெளியே போனான்.

எனக்கு முன்பே தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியும். "அவ கையை ஒடச்சவன் சார் அவன். அடுத்த தடவை உசுரோட விடமாட்டேன்னு எங்க கடையிலயே நின்னு சொன்னான்" என்று பழைய கடைக்காரர் சொல்லியிருந்தார். விண்ணப்பத்தின் ஓரத்தில் அதைக் குறித்தும் வைத்திருக்கிறேன், பாருங்கள், என் கையெழுத்துதான். விசாரிப்பதில் நான் குறை வைப்பதில்லை.

அவள் மட்டும் முதல் நாளே என்னிடம் உண்மையைச் சொல்லியிருந்தால், நானே அவளைக் காப்பாற்றியிருப்பேன், ஐயா.